மேனேஜர் கோர்ஸ் முடிச்சு ரெண்டு வருசம் ஆச்சு, போட்ட காசுக்கு என்ன மிஞ்சுச்சு

நமக்கு கொழிஞ்சாம்பாறைப் பக்கம்ங்க. வேலை கஞ்சிக்கோட்டுல ஒரு மெஷின் ஷாப்ல, காஸ்டிங், அதாவது வார்ப்பு வாங்கி மெஷினிங் பண்ணி அனுப்பற யூனிட். ஆபரேட்டரா சேந்து, சூப்பர்வைசர் ஆகி, இப்ப புரொடக்சன் மேனேஜர். கோர்ஸுக்குப் பாதிக் காசு கம்பெனி குடுத்துச்சு, அதுக்கு ரெண்டு வருசம் வேலைய விட்டுப் போகக்கூடாதுன்னு பாண்டு. அந்தப் பாண்டு போன மாசம்தான் முடிஞ்சுது, அதனால இப்ப தைரியமா எழுதறேன்.

எதுக்கு சேந்தேன்னா, மேனேஜர் ஆகியும் என் கை மெஷின விட்டு வரல. நைட் ஷிப்ட்ல போர் (பீஸ்ல போடற துளை) சைஸ் ஓடுதுன்னு போன் வந்தா போதும், வண்டிய எடுத்துட்டு பனியில போயி நானே மெஷின்ல ஆஃப்செட் போட்டு அளவ சரி பண்ணிட்டு வருவேன். வீட்டம்மா ஒருநா கேட்டுப்புட்டா, "ரெண்டு ஆள் வேலை பாக்கறீங்க, சம்பளம் ஒரு ஆளுக்குத்தான வருது"ன்னு. அது சுருக்குன்னு இருந்துச்சு.

பத்து மாசக் கோர்ஸ். ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் ஆன்லைன், நடுவுல ரெண்டு தடவை மூணு மூணு நாள் கேம்பஸ். பீஸ் 1,60,000, அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 1,88,800. எந்த இன்ஸ்டிட்யூட்டுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

கடைசி நாள்ல கோர்ஸ் எப்படி இருந்துச்சுன்னு எல்லாருகிட்டயும் ஒரு பாரம் எழுதி வாங்குனாங்க, நானும் அஞ்சுக்கு அஞ்சு போட்டேன், சாப்பாடு அருமை. ஆனா ட்ரெய்னிங்க எப்படி அளக்கறதுன்னு அதே கோர்ஸ்லதான் சொல்லிக்குடுத்தாங்க, கிர்க்பேட்ரிக்னு ஒருத்தர் 1959ல எழுதுனது. பிடிச்சுதா, கத்துக்கிட்டானா, வேலையில நடந்துக்கற விதம் மாறுச்சா, கம்பெனிக்கு பலன் வந்துச்சா, இப்படி நாலு படி. அந்தப் பாரம் முதல் படியத்தான் கேக்குது. மூணாவது படிய ஆறு மாசம் ஒரு வருசம் கழிச்சாவது கேக்கணும், இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒரு போன் வரல. சரி, நாமளே அளந்து பாக்கலாம்னுதான் இது.

ஸ்ட்ராடஜி சுத்தமா மறந்துபோச்சு. ஏர்லைன்ஸ் கேஸ் ஸ்டடி, காபிக் கடை கேஸ் ஸ்டடின்னு படிச்சோம், படிக்கறப்ப ஜாலி, அவ்வளவுதான். பைனான்ஸ் கொஞ்சம் நின்னுச்சு, செலவுக் கணக்கு ஷீட்ட இப்ப அக்கவுண்ட்ஸ்காரரு முன்னாடி முழிக்காம படிக்கறேன். கூட படிச்சவங்க முக்காவாசி ஐடி, பேங்க். அவங்களுக்கு டீம்னா லேப்டாப் வெச்ச ஆறு பேரு. எனக்கு 43 பேரு, தமிழ் மலையாளம் ஹிந்தி மூணும் ஓடணும். பாடம் நடத்துனவங்களுக்கு அந்த ஆறு பேருதான் கண்ணுல இருந்தாங்க.

ஃபீட்பேக் எப்படி குடுக்கறதுன்னு, முதல்ல பாராட்டு, நடுவுல குறை, கடைசியில திரும்பப் பாராட்டுன்னு ஒரு வித்தை சொன்னாங்க. அத நம்பி ஐம்பத்திரெண்டு வயசு மலையாளி ஏட்டன் (அண்ணன்) ஒருத்தருகிட்ட பிரயோகம் பண்ணுனேன். மனுசன் குறைய மட்டும் காதுல வாங்காம, சாரு என்னைப் புகழ்ந்தாருன்னு கேண்டீன் பூரா சொல்லிட்டாரு. இன்னொரு பையன் நேராவே கேட்டான், "ஏனுங்க சார், திட்டறதுன்னா திட்டிருங்க, எதுக்கு இவ்வளவு சர்க்கரை". அதோட விட்டேன். இப்ப பண்றது வேற, அதுவும் கோர்ஸ்ல வந்ததுதான், எப்ப, என்ன நடந்துச்சு, அதனால என்ன ஆச்சு, அவ்வளவு மட்டும். உதாரணத்துக்கு, செவ்வாக்கிழமை செகண்ட் ஷிப்ட்ல கேஜ் (அளவு பாக்கற கருவி) போடாம 11 பீஸ் போச்சு, அசெம்பிளி நின்னுச்சு. நீ சோம்பேறிங்கற பேச்சே வராது. ஆளுக்கும் கோவம் வர்றதில்ல.

மேல, கீழ, பக்கத்துல வேலை பாக்கறவங்க எல்லாரும் நம்மளப் பத்தி எழுதற 360 டிகிரி ஃபீட்பேக்கும் எடுத்தாங்க, யார் எழுதுனதுன்னு தெரியாதாமா. "சார் கேள்க்கான் நிக்கில்ல"ன்னு எழுதியிருந்தா எனக்குத் தெரியாதாங்க எந்த மேசையிலிருந்து வந்துச்சுன்னு? ஆனா உண்மை. நான் நின்னு கேக்கறதில்லதான்.

எல்லாத்தையும் விட உசந்தது, சிலபஸ்லயே பெருசா இல்லாத ஒரு கிளாஸ். ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் வந்து டிடபிள்யூஐ, அதாவது ட்ரெய்னிங் வித்இன் இண்டஸ்ட்ரி பத்திப் பேசுனாரு. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, 1940ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, புதுசா வந்த ஆளுங்களுக்கு சட்டுனு வேலை சொல்லிக்குடுக்க சூப்பர்வைசர்களத் தயார் பண்றது, 1945க்குள்ள 16,000க்கும் மேல பேக்டரிக்குப் போயிருக்கு, அப்புறம் ஜப்பானுக்குப் போயி டொயோட்டா இன்னும் வெச்சிருக்கு. நாலே படி: ஆளத் தயார் பண்ணு, செஞ்சு காட்டு, செய்யச் சொல்லிப் பாரு, விட்டுட்டு வந்து திரும்பப் போயி பாரு. ஆள் கத்துக்கலைன்னா நீ சொல்லிக்குடுக்கலைன்னு அர்த்தம், இதுதான் அவங்க மந்திரம். நான் அதுவரைக்கும் செஞ்சு காட்டிட்டு "புரிஞ்சுதா" கேப்பேன், அவன் தலையாட்டுவான், நான் போயிருவேன், ராத்திரி போன் வரும்.

இன்சர்ட், அதாவது மெஷின்ல உலோகத்த வெட்டற சின்ன முனை, அத மாத்தறதுக்கு முதல்ல ஒரு ஷீட் எழுதுனோம். என்ன பண்ணணும், எதுல கவனம், ஏன். அது உக்கார்ற எடத்துல சிப்பு (உலோகச் சீவல்) ஒரு துளி இருந்தாலும் இன்சர்ட் தூக்கிக்கும், சைஸ் போயிரும், அதனால தொடைச்சுட்டுத்தான் வெக்கணும். இது எனக்குக் கையில இருந்துச்சே தவிர, வாய்ல வந்ததே இல்ல. அந்த "ஏன்"ங்கறத ஹிந்தியிலயும் எழுதி ஒட்டுனதுக்கப்புறம் ராத்திரி போன் வாரத்துக்கு நாலஞ்சுல இருந்து மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு ஆயிருச்சு.

டிடபிள்யூஐலயே இன்னொரு பாகம் ஆளுங்க பிரச்சினைய எப்படி எடுக்கறதுன்னு. முதல்ல விசயத்த முழுசா வாங்கு, அப்புறம் முடிவு பண்ணு. ஓணம் எல்லாருக்கும் லீவு, பொங்கலுக்கு எங்க பாலக்காடு மாதிரி பார்டர் ஜில்லாவுக்கு கேரள கவர்மெண்டே லீவு விடுது, தீபாவளி முடிஞ்சதும் பீகார்க்காரங்க கொண்டாடற சத் பூஜைக்கு என்ன வழி? பீகார் பசங்க தீபாவளிக்குப் போனா திரும்ப வர மாட்டாங்கன்னு வருசா வருசம் பொலம்புவோம். ஒக்காந்து கேட்டா, நாங்க லீவ பதினஞ்சு நாளுக்கு முன்னாடிதான் சாங்ஷன் பண்றோம், ரயில் புக்கிங் 60 நாளுக்கு முன்னாடியே தொறந்துருது (2024 நவம்பருக்கு முன்ன 120 நாளு). லீவு உறுதியாகாம டிக்கெட் போட மாட்டாங்க, அப்புறம் டிக்கெட் கெடைக்காது, ஜெனரல்ல தொங்கிட்டுப் போயி, திரும்பறதுக்கும் டிக்கெட் இல்லாம அங்கயே நின்னுருவாங்க. போன வருசம் எழுபது நாளுக்கு முன்னயே லீவ முடிவு பண்ணுனோம். ரெண்டு பேரத் தவிர எல்லாரும் சொன்ன தேதிக்கு வந்துட்டாங்க. இத எந்தக் கேஸ் ஸ்டடியிலயும் நான் படிக்கல, ஆனா கேக்கணும்னு தோணுனது அந்தக் கிளாஸாலதான்.

போன வாரம் எங்க ஷிப்ட் இன்சார்ஜ் தம்பி கேட்டான், "அண்ணா, நானும் அந்தக் கோர்ஸ்ல சேந்தரட்டுங்களா"ன்னு. கேஜ் வெச்சு அளக்கறதுக்கு, இன்சர்ட்டுக்கு எழுதுன மாதிரியே ஒரு ஷீட் எழுதிட்டு வா, அப்புறம் பேசலாம்னேன். இன்னும் வரல.