48-24ஆ, 28-14ஆ: வேகம் ஒன்று, தேய்மானம் வேறு

என் சைக்கிளில் முன்னால் 48, 38, 28 பல் கொண்ட மூன்று பற்சக்கரங்கள். பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு பற்சக்கரங்கள். 48-24 (முன்னால் 48, பின்னால் 24) போட்டாலும் 28-14 போட்டாலும் பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் இரண்டு சுற்று. நிமிடத்துக்கு 80 மிதி என்றால் ஏறக்குறைய 20 கி.மீ. வேகம். காலுக்கு வித்தியாசமே தெரியாது. சின்னப் பற்சக்கரம் என்றால் செயினுக்குச் சுமை குறைவு என்று நினைத்து இரண்டு வருடம் 28-14லேயே ஓட்டினேன்.

நினைத்தது தலைகீழ். அதே மிதிக்கு 28இல் செயின் வாங்கும் இழுவிசை 48இல் வாங்குவதைப் போல 1.7 மடங்கு. அதைத் தாங்க 14இல் ஒரே நேரத்தில் ஏழு பல் போல, 24இல் பன்னிரண்டு. ஒவ்வொரு கண்ணியும் 14இல் 26 டிகிரி மடங்கும், 24இல் 15தான். 48இல் ஒரு மிதிக்கு அதிகக் கண்ணிகள் ஓடுமே என்று கேட்கலாம். ஓடும்தான். அதையும் சேர்த்துப் பெருக்கினால்கூட 48-24இல் கண்ணிகளின் உராய்வு 28-14இல் இருப்பதில் 60 சதவீதத்துக்குள் நிற்கிறது.

காசு போனது இங்கேதான். செயின் நீண்டுவிட்டதென்று புதிது மாட்டினேன். மறுநாள் ஈசிஆரில் எதிர்காற்று. எழுந்து நின்று மிதித்தேன், படக்கென்று நழுவியது. மற்ற ஆறும் நன்றாக இருந்தன, 14இல் மட்டும் பற்கள் கொக்கி போலச் சாய்ந்திருந்தன. சரி, அதை மட்டும் மாற்றலாம் என்று கடைக்குப் போனால், தனியாகக் கிடைக்கவில்லை. ஏழும் சேர்ந்த ஃப்ரீவீலே முழுசாக வாங்க வேண்டியதாயிற்று.

48-24இலும் செயின் கொஞ்சம் கோணலாகத்தான் ஓடும், லேசாகச் சத்தமும் வரும். ஆனால் 28-14இல் கோணல் இன்னும் அதிகம். செயின் தொய்ந்து பக்கத்து 38ஐ உரசும். நேராக ஓட வேண்டுமென்றால் 38-18 அல்லது 38-20 போடலாம், வேகம் கிட்டத்தட்ட அதேதான். 48-28 மட்டும் வேண்டாம்: செயின் நீளம் போதாவிட்டால் செயினைப் பல் மாற்றித் தரும் பின் டீரெய்லர் பிய்ந்துவிடும்.

இரண்டையும் சம தூரம் ஓட்டி அளந்து சொல்லவில்லை. என் செயினில் கடற்கரை மணலும் சேர்ந்து அரைத்திருக்கும். நான் ஓட்டுவது சமதளம். மலையேறுபவர்களுக்கு முன்னால் 28 இல்லாமல் ஆகாது. இப்போது 48-24தான். மாதம் ஒருமுறை செயினில் பன்னிரண்டு அங்குலத்தை ஸ்கேல் வைத்து அளக்கிறேன், 1.5 மி.மீ. கூடினால் செயினை மாற்றிவிடுவேன், ஃப்ரீவீல் பிழைக்கும்.