கரன்ட் சிக்கனம்: மீட்டர் சொல்லித்தருமா, பெட்டியா, சொந்தக்காரரா?

ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில், நகரங்களிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் பூர்வகுடிக் குடியிருப்புகளில் மின்சாரத்தைப் பார்த்துச் செலவழிக்க வைப்பதற்கு மூன்று விதமான வழிகள் இருந்திருக்கின்றன. மூன்றும் ஒரே ரகம் இல்லை, ஆனாலும் ஒரே கேள்வியை மூன்றிடமும் கேட்கலாம்: பாடம் படித்த வீட்டுக்காரருக்கு அதற்கப்புறம் கையில் என்ன இருக்கிறது?

முதலில் ப்ரீபெய்ட் மீட்டர். நம் செல்போன் ரீசார்ஜ் மாதிரிதான், காசு போட்டால் கரன்ட், தீர்ந்தால் இருட்டு. பில் பாக்கி சேராது, செலவு கண்ணுக்குத் தெரியும், சிக்கனம் தானாக வந்துவிடும் என்பார்கள். 2021 இறுதியில் நேச்சர் எனர்ஜி இதழில் வந்த ஆய்வு, 28 குடியிருப்புகளில் சுமார் 3,300 வீடுகளின் 2018-19 கணக்கை எடுத்துப் பார்த்தது. 91 சதவீத வீடுகளில் அந்த ஓராண்டில் ஒரு தடவையாவது கரன்ட் நின்றிருக்கிறது, 74 சதவீத வீடுகளில் பத்துத் தடவைக்கு மேல். அதுவும் வெயில் கொளுத்தும் நாளிலும் கடுங்குளிர் நாளிலும்தான் ஆபத்து அதிகம். இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கும் வீட்டில் இதைப் பாடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்தது புஷ்லைட். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உள்ள 'சென்டர் ஃபார் அப்ரோப்ரியேட் டெக்னாலஜி' அமைப்பு 2002-ல் தொடங்கிய திட்டம். சில வீடுகளே உள்ள சிறு குடியிருப்புகளுக்கு சோலார், பேட்டரி. பேனலை மாட்டுவதற்கு முன்னாலேயே குடும்பங்களோடு உட்கார்ந்து, என்னென்ன சாதனம் வேண்டும், எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று பேசி முடிவெடுத்தார்கள். பிறகு வயரிங்கையே இரண்டாகப் பிரித்தார்கள்: லைட், ஃப்ரிட்ஜ் மாதிரி அவசியமானவை ஒரு லைனில், டிவி மாதிரியானவை இன்னொன்றில். வீட்டில் ஒரு பெட்டி அன்றைய மின்சாரப் பங்கில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும். பங்கு தீர்ந்தால் டிவி லைன் மட்டும் நிற்கும், ஃப்ரிட்ஜ் ஓடும். ஆக, தப்புக் கணக்குப் போட்டால் நஷ்டம் ஒரு மாலைப்பொழுதுதான், அப்படிக் கற்பதில் யாருக்கும் பயமில்லை. குறை என்னவென்றால், டீசல் ஜெனரேட்டரில் ஓடும் பெரிய ஊருக்கு இதை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

மூன்றாவது மன்யமக் என்ற திட்டம். யோல்ங்கு என்ற பூர்வகுடி மக்களின் மொழியில் 'நல்லது' என்று பொருள். கிழக்கு ஆர்னெம் லேண்டில் கலிவின்கு, யிர்கலா, மிலிங்கிம்பி உள்ளிட்ட ஆறு ஊர்களில் 2013 முதல் 2016 வரை நடந்தது. உள்ளூர் யோல்ங்கு ஆட்களைச் சம்பளத்துக்கு எடுத்து, பயிற்சி கொடுத்து, வீடுவீடாக அனுப்பினார்கள். என் கட்சி இதுதான். மொழி தெரிவது ஒரு காரணம் மட்டுமே. யோல்ங்கு உறவுமுறையில் யார் யாரிடம் நேரடியாகப் பேசலாம், யாரைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு உண்டு, மருமகன் மாமியாரிடம் நேருக்கு நேர் பேசமாட்டான். எந்த வீட்டுக்கு யாரை அனுப்பலாம் என்பது வெளியூர் நிபுணருக்குப் புரிவதற்குள் திட்டமே முடிந்துவிடும். இன்னொன்று, வெறும் பேச்சோடு அவர்கள் நிற்கவில்லை. அடுப்பை அணைக்க மறந்தால் தானே அணையும் டைமர், சோலார் வெந்நீர் என்று வீட்டையும் மாற்றினார்கள். இது முக்கியம், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் அரசு வாடகை வீடுகள், ஆள் நெருக்கம் அதிகம், ஒரு துக்கம் என்றால் உறவினர் வந்து நாள்கணக்கில் தங்குவார்கள். கூரையில் சூடு இறங்கும் வீட்டில் 'ஏசியைக் குறையுங்கள்' என்று போஸ்டர் ஒட்டி என்ன பயன்? ஒரே வருத்தம், குறிப்பிட்ட காலத்துக்கான நிதியில் ஓடிய திட்டம், நிதியோடு முடிந்தது.

சரி, என்னிடம் கேட்டால் பெரிய ஊர்களுக்கு மன்யமக் மாதிரி நிரந்தர உள்ளூர் வேலை, சிறு குடியிருப்புகளுக்கு புஷ்லைட் வயரிங். ப்ரீபெய்ட் மீட்டரை எடுக்கவே முடியாது என்று அடம்பிடித்தால், இருந்துவிட்டுப் போகட்டும், ஃப்ரிட்ஜ் லைனை மட்டுமாவது அதிலிருந்து பிரித்துக் கொடுங்கள்.