இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

எடுத்துக்கொண்ட பைக் இன்ஜின் 150 முதல் 250 சிசி வரை, ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், தொழிற்சாலையிலேயே, கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனோடு வந்தது. ஒப்பிட்ட கார்புரேட்டர்கள் (காற்றின் உறிஞ்சலால் பெட்ரோலைக் கலப்பவை; எண் துளையின் மில்லிமீட்டர் அளவு): மிக்குனி விஎம் 26, கெய்ஹின் பிடபிள்யூகே 28, அதன் சீனப் போலி, கெய்ஹின் சிவிகே 30, ஆக்சிலரேட்டர் பம்ப் (சட்டென்று திருகும்போது கூடுதல் பெட்ரோலைத் தெளிப்பது) உள்ள எஃப்சிஆர். காசுக்கு நியாயமாக நடந்துகொள்வது சிவிகே 30. எல்லாரும் வாங்குவது பிடபிள்யூகே போலி. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் இந்த விமர்சனம்.

சிங்கப்பூர்ப் பதிவு எண் தாங்கிய வண்டியில் இதைச் செய்ய வேண்டாம். இன்ஜினில் கைவைக்க நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். புகைத் தரத்துக்காகவே வந்த ஒரு அமைப்பைக் கழற்ற அனுமதி கிடைக்கும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள். வருடாந்தரச் சோதனையில் விகாம் போன்ற சோதனை நிலையத்தின் புகைக் குழாய்க் கருவிக்கு முன்னால் வண்டி நின்றாக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். ஜொகூரில் வைத்து செப்பாங் ட்ராக்குக்கு மட்டும் எடுக்கும் வண்டி, மோட்டோகிராஸ் வண்டி ஆகியவற்றுக்கே இங்கே சொல்வது பொருந்தும்.

கார்பைப் பார்ப்பதற்கு முன் ஸ்பார்க்கைப் பார்க்க வேண்டும். காக்கி புக்கிட்டிலோ உபியிலோ உள்ள வொர்க்‌ஷாப்பில் இந்த வேலையைக் கேட்டால், நல்ல மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி "ஈசியூவை என்ன செய்யப் போறீங்க?" என்பதுதான். சின்ன பைக்குகளில் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் இன்ஜினின் கணினியான ஒரே ஈசியூ கவனிக்கிறது. அதைக் கழற்றினால் தீப்பொறி கிடையாது. விட்டுவைத்தால், இன்ஜெக்டர் இல்லை, த்ராட்டில் சென்சார் இல்லை என்று பிழை காட்டும். சில ஈசியூக்கள் அத்தோடு ஸ்பார்க்கையும் நிறுத்திவிடும்.

இதற்கு இரண்டு வழி. ஈசியூவை வைத்துக்கொண்டு, இன்ஜெக்டர் கனெக்டரில் 12 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் மாட்டலாம். சைக்கிள் விளக்குக்கு வாங்கும் கால் வாட் சமாச்சாரம் உருகிவிடும். 25 வாட், அலுமினிய உறை போட்டது வேண்டும். த்ராட்டில் சென்சாருக்கு நிலையான மின்னழுத்தம் கொடுத்து ஏமாற்றினால் வண்டி ஓடும், ஆனால் ஈசியூ எப்போதும் த்ராட்டில் மூடியிருப்பதாகவே நினைக்கும். மேல் ஆர்பிஎம்மில் பொறி விழும் நேரம் (டைமிங்) பிசகும். அதனால் சென்சார் பொருத்த இடமுள்ள கார்புக்கு இங்கே தனி மதிப்பு. இன்னொரு வழி, அதே இன்ஜினின் கார்புரேட்டர் பதிப்பிலிருந்து சிடிஐ (பொறி விழும் நேரத்தைக் கவனிக்கும் பெட்டி) எடுத்து மாட்டுவது. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். இன்ஜெக்‌ஷன் பைக்கின் மேக்னட் ரோட்டரில் பல புடைப்புகள் இருக்கும். சாதாரண சிடிஐ சுற்றுக்கு ஒரு புடைப்பையே எதிர்பார்க்கிறது. ரோட்டரையும் புடைப்பை உணரும் பிக்கப் காயிலையும் சேர்த்து மாற்றாமல் சிடிஐ மட்டும் மாட்டினால் கண்ட நேரத்தில் பொறி விழும், கிக்கர் திருப்பி அடிக்கும்.

அடுத்தது பெட்ரோல். இன்ஜெக்‌ஷன் பம்ப் ஏறத்தாழ 2.5 முதல் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. கார்பில் பெட்ரோல் மட்டம் ஏறியதும் வழியை அடைக்கும் மிதவை ஊசி தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பம்பை கார்போடு இணைத்தால் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் ஊற்றும், சிலிண்டருக்குள்ளும் இறங்கும். பம்பைக் கழற்றி, அந்தத் துளைக்குப் பெட்ரோல் குழாய்த் திருகு வைத்த அலுமினியத் தகடு செய்து மூடுங்கள். டேங்க் கார்புக்கு மேலே இருந்தால் ஈர்ப்பு விசையே போதும். சீட்டுக்கு அடியில் டேங்க் உள்ள கப்சாய் (சின்ன குடும்ப பைக்) வகைக்கு இது நடக்காது. மிக்குனியின் டிஎஃப்44 போன்ற வேக்குவம் பம்ப் தேவை. பழைய இன்ஜெக்‌ஷன் ஃபில்டரையும் விட்டுவைக்காதீர்கள். அது அழுத்தத்துக்காகச் செய்தது. ஈர்ப்பில் வரும் பெட்ரோலைத் தடுத்து, நேர்ப்பாதையில் ஐந்தாவது கியரில் இன்ஜினைத் திணற வைக்கும்.

இனி அளவு. இன்ஜெக்‌ஷனில் காற்றுக்கு வழிவிடும் த்ராட்டில் பாடி எத்தனை மில்லிமீட்டரோ அதே அளவில் கார்ப் வாங்குவது மிகப் பரவலான தவறு. த்ராட்டில் பாடிக்குக் காற்று போனால் போதும். கார்ப் அப்படியல்ல, காற்றின் வேகத்தால்தான் அது பெட்ரோலை உறிஞ்சுகிறது. துளை பெரிதானால் வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம்மில் உறிஞ்சல் செத்துவிடும். கணக்கு இது: சிலிண்டரின் கொள்ளளவை லிட்டரில் எடுத்து, உச்ச சக்தி வரும் ஆர்பிஎம்மால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 0.65 முதல் 0.75 வரை ஒரு எண்ணால் பெருக்குங்கள். 150 சிசி, 9,000 ஆர்பிஎம் என்றால் 24 முதல் 27.5 மிமீ. 250 சிசி, 8,500 என்றால் 30 முதல் 34.5. கேடிஎம் டியூக் 200-இல் இருப்பது 38 மிமீ த்ராட்டில் பாடி. 10,000 ஆர்பிஎம்முக்கு இந்தக் கணக்கு தருவதோ 29 முதல் 33.5. அதே 200 சிசி வகுப்பில் பஜாஜ் பல்சர் 200என்எஸ் கார்போடு வந்தபோது 33 மிமீதான் போட்டிருந்தார்கள்.

இப்போது ஒவ்வொன்றாக. பிடபிள்யூகே 28 போலி ஐம்பது வெள்ளிக்குள் ஆன்லைனில் கிடைக்கும், வெளித்தோற்றத்தில் அசலிலிருந்து பிரிப்பது கடினம். உள்ளே திறந்தால் தெரியும். ஜெட்டில் (பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளையுள்ள திருகு) குத்திய எண்ணுக்கும் துளைக்கும் சம்பந்தம் இருக்காது. மிதவை உயரம் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஊசி போகும் துளை தளர்வாக இருந்தால் அரை த்ராட்டிலில் ஊசியின் உயரத்தை மாற்றும் கிளிப் எந்த நிலையில் இருந்தாலும் பெட்ரோல் அதிகமாகவே வரும். வாங்கியே தீருவேன் என்பவர்கள் அசல் கெய்ஹின் ஜெட், ஊசி, மிதவை ஊசி ஆகியவற்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். கூட்டிப் பார்த்தால் அசலின் விலையை நெருங்கிவிடும்.

அசல் பிடபிள்யூகே 28 அருமையான பொருள், இரண்டு ஸ்ட்ரோக்குக்கு. நான்கு ஸ்ட்ரோக்கில் ஆக்சிலரேட்டர் பம்ப் இல்லாத குறை தெரியும்: த்ராட்டிலைச் சட்டென்று முழுக்கத் திருகினால் ஒரு கணம் மூச்சுமுட்டிவிட்டுத்தான் கிளம்பும். எப்போதும் மேல் ஆர்பிஎம்மில் இருக்கும் ட்ராக் வண்டிக்கு இது பெரிய குறையல்ல. 150 சிசிக்குத் தொடக்கமாக பைலட் ஜெட் (ஐடிலுக்கானது) 38 முதல் 42, மெயின் ஜெட் (முழு த்ராட்டிலுக்கானது) 105 முதல் 115 வைத்துப் பாருங்கள்.

விஎம் 26 பழைய உருண்டை ஸ்லைடு (ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறக்கும் அடைப்பு) வகை. அதற்கென்று ஒரு பிடிவாதமான நிதானம் உண்டு: சற்று மந்தம், ஆனால் எதற்கும் கோபித்துக்கொள்ளாது. ஜெட் எங்கும் கிடைக்கும். 150 சிசியோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு நல்ல தேர்வு. ஒன்று கவனிக்க: கெய்ஹின் ஜெட் எண் துளையின் விட்டத்தைச் சொல்வது, மிக்குனி அறுகோண ஜெட்டின் எண் பாயும் அளவைச் சொல்வது. ஒன்றின் 115-ஐ இன்னொன்றின் 115-க்குச் சமம் என்று கொள்ளாதீர்கள். விஎம், பிடபிள்யூகே இரண்டிலும் சுழலும் தண்டு இல்லாததால் த்ராட்டில் சென்சாருக்கு இடமில்லை.

சிவிகே 30-இல் கை திருகுவது பட்டாம்பூச்சி வால்வை. ஸ்லைடை ஏற்றுவது இன்ஜினின் வேக்குவம். எனவே அவசரப்பட்டுத் திருகினாலும் இன்ஜின் கேட்கும் அளவுக்கே ஸ்லைடு ஏறும், மூச்சுமுட்டல் இல்லை. இன்ஜெக்‌ஷன் பைக்கின் இரட்டைக் கேபிளும் பெரும்பாலும் சின்ன மாற்றத்தோடு பொருந்தும். 200 முதல் 250 சிசிக்கு இதுவே முதல் தேர்வு. குறை, ஏர்பாக்ஸைக் கழற்றி வெறும் பாட் ஃபில்டர் மாட்டினால் ஸ்லைடு தடுமாறும். ஏர்பாக்ஸை விட்டுவையுங்கள். ஸ்லைடைத் தூக்கும் டயஃப்ரம் ரப்பரை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பாருங்கள். பழைய பொருள் வாங்கினால் இது கட்டாயம்.

எஃப்சிஆரில் பம்ப் உண்டு, சென்சார் உண்டு, த்ராட்டில் பதிலும் கூர்மை. 37 மிமீயிலிருந்து மேலே கிடைக்கும் மோட்டோகிராஸ் வகை, 250 சிசி மோட்டோகிராஸ் இன்ஜினுக்கும் அதைவிடப் பெரியவற்றுக்கும்தான் பொருத்தம். விலையைக் கேட்டால் இன்ஜெக்‌ஷனையே ஒழுங்காக ரீமேப் (ஈசியூவின் கணக்கை மாற்றுவது) செய்திருக்கலாமே என்று தோன்றும். பல வண்டிகளுக்கு அதுவே சரியான முடிவும்கூட.

பொருத்தும்போது, கார்பை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டில் இன்ஜெக்டர் இருந்த துளையைச் சிலிக்கானால் அடைக்காதீர்கள், பெட்ரோல் அதைத் தின்றுவிடும். அலுமினிய அடைப்பான் செய்து ஓ-ரிங்கோடு திருகுங்கள். வேக்குவம் சென்சார் குழாய் முனை, ஐடில் வால்வு வழி எல்லாவற்றையும் மூடுங்கள். த்ராட்டிலை விட்டபின் ஐடில் இறங்க மறுத்தால் காற்றுக் கசிவு என்று வையுங்கள்; மேனிஃபோல்டைச் சுற்றி கார்ப் கிளீனர் தெளித்து, ஆர்பிஎம் மாறும் இடத்தைத் தேடுங்கள்.

ட்யூனிங்கில் குழப்பம் தரும் திருகு ஒன்று. பிடபிள்யூகே, விஎம் இரண்டிலும் அது ஏர்ஃபில்டர் பக்கம் இருக்கும் காற்றுத் திருகு: வெளியே திருப்பினால் கலவை மெலியும். சிவிகேயில் இன்ஜின் பக்கம் இருக்கும் பெட்ரோல் திருகு: வெளியே திருப்பினால் செறியும். காற்றுத் திருகில் சிறந்த ஐடில் ஒரு சுற்றுக்கும் குறைவாக வந்தால் பைலட் ஜெட் சிறிது. இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் பெரிது. பெட்ரோல் திருகில் இது அப்படியே தலைகீழ்.

பழைய ஆக்சிஜன் சென்சார் இருந்த துளையில், கலவை விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்ட முடிந்தால் பாதி வேலை மிச்சம். சின்ன பைக்குகளில் துளை சிறிது, எக்ஸாஸ்டில் தனி நட்டு வெல்டு செய்ய வேண்டிவரும். முழு த்ராட்டிலில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.8 முதல் 13 வரை நின்றால் போதும். குளிர் நாட்டு ஜெட் பட்டியலை அப்படியே பின்பற்றினால் நம் 30 டிகிரி ஈரக்காற்றில் பெட்ரோல் அதிகமாகும், ஓரிரு எண் குறைத்துத் தொடங்குங்கள். ஆண்டு முழுதும் வெப்பம் பெரிதாக மாறாததால் ஒருமுறை சரியாக வைத்த ஜெட்டிங் அப்படியே நிற்கும்; சோக்கையும் அநேகமாக மறந்துவிடலாம்.