ஸ்டாண்டிஷா, சர்ச்சா? பிளைமவுத்தின் இரண்டு கேப்டன்கள்

அமெரிக்கா என்றொரு நாடு பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்த ஆங்கிலேயக் குடியேற்றங்களில் மிலிஷியா எனப்பட்ட ஊர்ப்படைகள் இருந்தன. நிரந்தரப் பட்டாளம் கிடையாது. உடம்பில் தெம்புள்ள ஆண்கள் வீட்டில் துப்பாக்கியும் மருந்தும் குண்டும் வைத்திருக்க வேண்டும், ஆண்டில் சில நாட்கள் கூடிப் பயிற்சி எடுக்க வேண்டும். மற்ற நாட்களில் உழவு, தச்சு, மீன்பிடி. இப்படியொரு படைக்குத் தலைமை தாங்கியவரின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் படிக்க ஆசைப்படுபவருக்கு இன்றைய மாசசூசெட்ஸ் கரையிலிருந்த பிளைமவுத் என்ற ஒரே காலனியிலிருந்து இரண்டு பேர் கிடைக்கிறார்கள். ஒருவர் பிளைமவுத்தின் முதல் கேப்டன் மைல்ஸ் ஸ்டாண்டிஷ். இன்னொருவர், அந்தக் காலனி மாசசூசெட்ஸோடு இணைக்கப்பட்டுக் காணாமல் போவதற்கு முன் அது கண்ட கடைசிப் பெரிய கேப்டன் பெஞ்சமின் சர்ச். யாரை முதலில் எடுப்பது?

பெரும்பாலானவர்கள் ஸ்டாண்டிஷைத்தான் எடுப்பார்கள். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர், டக்ஸ்பரியில் குன்றின்மேல் பெரிய நினைவுத்தூண் உள்ளவர். போதாததற்கு 1858-இல் லாங்ஃபெலோ எழுதிய நெடுங்கவிதை அவரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை கொண்டுபோய்விட்டது. பிரிசில்லா என்ற பெண்ணிடம் தன் சார்பில் தூது போக ஜான் ஆல்டனை அனுப்ப, அந்தப் பெண் தூது வந்தவனையே கட்டிக்கொண்ட கதை அது. அக்காலப் பதிவு எதிலும் அப்படியொரு சம்பவம் இல்லை. பதிவில் இருப்பது வேறு: ஸ்டாண்டிஷின் மகன் அலெக்சாண்டர் பின்னாளில் ஆல்டன் தம்பதியின் மகள் சாராவை மணந்தார். ஆக இரு வீட்டாரும் சம்பந்திகள். கவிதையைவிட இது எனக்குச் சுவையாகப் படுகிறது.

ஆனாலும் என் ஓட்டு சர்ச்சுக்குத்தான்.

ஸ்டாண்டிஷ் பிளைமவுத்தாருக்கு வாடகைக்கு வந்த ராணுவ ஆலோசகர் மாதிரி. நெதர்லாந்தில் ராணுவ அனுபவம் பெற்றவர். 1621 தொடக்கத்தில் ஊரார் கூடி அவரைக் கேப்டனாக்கினார்கள். அடுத்த ஆண்டு ஊரைச் சுற்றி மர வேலி எழுந்தபோது ஆண்களை நான்கு பிரிவாகப் பிரித்து, யார் எந்தப் பக்கம் நிற்பது என்று வகுத்தவர் அவர்தான். இந்தக் கதையைப் படித்தால் ஒரு மிலிஷியா எப்படி ஒன்றுமில்லாததிலிருந்து கட்டப்பட்டது என்பது விளங்கும். இந்த ஒரு விஷயத்தில் சர்ச் அவருக்கு ஈடில்லை.

ஆனால் அவர் குணத்தைக் காட்டும் சம்பவம் 1623-இல், வெஸ்ஸகஸ்ஸெட் என்ற பக்கத்து ஆங்கிலேயக் குடியிருப்பில் நடந்தது. மாசசூசெட் என்ற பூர்வகுடி மக்கள் தாக்கப்போகிறார்கள் என்று சேதி வந்தது. ஸ்டாண்டிஷ் ஒரு சிறு கூட்டத்தோடு போனார். பெக்சுவட் என்ற வீரன் அவர் உயரத்தைக் கிண்டல் செய்தான்: பெரிய கேப்டன்தான், ஆள் குள்ளம். மறுநாள் பெக்சுவட்டும் விட்டுவமட்டும் ஒரு வீட்டுக்குள் அவரோடு இருந்தபோது கதவு சாத்தப்பட்டது. பெக்சுவட்டின் கழுத்தில் தொங்கிய கத்தியை உருவியே ஸ்டாண்டிஷ் அவனைக் குத்திக் கொன்றார். விட்டுவமட்டின் தலை பிளைமவுத் கோட்டையில் செருகப்பட்டது. நெதர்லாந்தின் லைடன் நகரிலிருந்து பாதிரியார் ஜான் ராபின்சன் கடிதம் எழுதினார்: யாரையும் கொல்வதற்கு முன் சிலரையாவது மதம் மாற்றியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று. பிளைமவுத்தாரின் சொந்தச் சபை மேய்ப்பரே சொன்ன வார்த்தை அது.

குடும்பம் என்று வந்தால்? முதல் மனைவி ரோஸ் முதல் குளிர்காலத்திலேயே, 1621 ஜனவரியில், இறந்தார். இரண்டாம் மனைவி பார்பரா 1623-இல் ஆன் என்ற கப்பலில் வந்தவர். 1627-இல் காலனியின் கால்நடைகளைப் பங்கு பிரித்த பட்டியலில் கணவன் மனைவியோடு சார்லஸ், அலெக்சாண்டர், ஜான் என மூன்று பையன்கள் வருகிறார்கள். பிறகு லோரா என்ற மகள். அவள் பூத்தையல் போட்ட நீளத் துணி பிளைமவுத்தின் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் செய்யப்பட்டவற்றில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மாதிரித்துணியாக அதைக் கருதுகிறார்கள். லோரா தகப்பனுக்கு முன்பே போய்விட்டாள். 1656-இல் இறந்த ஸ்டாண்டிஷின் உயிலில், முடிந்தால் தன்னை மகள் லோராவுக்கும் மருமகள் மேரிக்கும் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியில் மகன்கள் பெயரையோ மூதாதையர் பெயரையோ சொல்லவில்லை. பெக்சுவட்டைக் கொன்ற அதே ஆள்.

அவர் விட்டுப்போன சொத்துப் பட்டியலில் சீசரின் போர்க்குறிப்புகளும் ஹோமரின் இலியத்தும் இருக்கின்றன. உயிலின் இன்னொரு பத்தியில் லங்காஷயரிலும் மேன் தீவிலும் தனக்கு வரவேண்டிய நிலங்களை மகன் அலெக்சாண்டருக்கு எழுதிவைக்கிறார். அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு, அவர் பிறந்தது லங்காஷயரா மேன் தீவா என்று இரு கட்சியாக நின்று வாதாடுபவர்கள் இன்றும் உண்டு. அந்த நிலம் ஒரு ஏக்கர்கூட வந்து சேரவில்லை.

சிக்கல் இதுதான்: ஸ்டாண்டிஷின் வீடு ஒரு பக்கம், போர் இன்னொரு பக்கம். இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. பார்பரா என்ன நினைத்தார், பயந்தாரா, எங்கே ஒளிந்தார், ஒரு சொல்லும் நமக்குக் கிடைப்பதில்லை.

சர்ச்சிடம் வீடும் போரும் ஒரே கயிற்றின் இரண்டு புரி. சுமார் 1639-இல் பிளைமவுத்தில் பிறந்தவர், தச்சர், தச்சர் மகன். தாய்வழித் தாத்தா ரிச்சர்ட் வாரன் மேஃபிளவரில் வந்தவர். 1667-இல் ஆலிஸ் சவுத்வொர்த்தை மணந்தார். இந்தக் கல்யாணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆலிஸின் தந்தை கான்ஸ்டன்ட் சவுத்வொர்த் ஆளுநர் பிராட்ஃபோர்டின் மனைவிக்கு முதல் கணவர் மூலம் பிறந்தவர், காலனியின் பொருளாளர். 1675-இல் பூர்வகுடிகளோடு போர் வெடித்தபோது படைக்குத் தானியமும் தளவாடமும் அனுப்பும் பொறுப்பு அவருடையது. மாமனார் களஞ்சியத்தில், மருமகன் களத்தில். மிலிஷியா அதிகாரி என்பவர் திறமையால் மட்டும் மேலே வரவில்லை என்பதை ஸ்டாண்டிஷ் காட்டமாட்டார், சர்ச் காட்டிவிடுவார்.

போருக்குச் சற்று முன்புதான் சர்ச் சகோனெட்டில், இன்றைய லிட்டில் காம்ப்டனில், முதல் ஆங்கிலேயராக வீடு கட்டத் தொடங்கியிருந்தார். சுற்றியிருந்தவர்கள் சகோனெட் மக்கள், தலைவி அவாஷோங்க்ஸ். வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் மெட்டகாம், ஆங்கிலேயர் பிலிப் என்று அழைத்தவர், போருக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். 1675 ஜூனில் அவாஷோங்க்ஸ் கூட்டிய நடனத்துக்கு சர்ச்சையும் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் என்ற உறவு. அந்த உறவுதான் அடுத்த ஆண்டு போரின் போக்கையே திருப்பியது. 1676-இல் சர்ச் ரம் நிரம்பிய சுரைக்குடுக்கையோடும் கொஞ்சம் புகையிலையோடும் மறுபடி அவரைச் சந்திக்கப் போனார். நஞ்சிருக்குமோ என்று அவாஷோங்க்ஸ் தயங்க, சர்ச் தன் உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சிக் காட்டிவிட்டுக் கொடுத்தார். சகோனெட் வீரர்கள் அவர் பக்கம் வந்தார்கள். ஜூலையில் ஆளுநர் ஜோசையா வின்ஸ்லோ கொடுத்த ஆணைப்படி அவர் திரட்டவேண்டியது சுமார் 200 பேர். அதில் ஆங்கிலேயர் 60-க்கு மிகாமல். மீதிப்பேர் பூர்வகுடிகள். காட்டில் எப்படி நடப்பது, எப்படிச் சிதறி நிற்பது என்று அவர்களிடமே கற்றுக்கொண்டதாக சர்ச் தன் நினைவுக்குறிப்பில் ஒளிக்காமல் சொல்கிறார்.

இப்போது வீட்டைப் பாருங்கள். 1676 மார்ச்சில் ஆலிஸ் கர்ப்பிணி, கையில் சின்னப் பையன் தாமஸ். பிளைமவுத் பக்கம் கிளார்க் என்பவரின் காவல் வீட்டில் மனைவியை விட்டுவிட்டுப் போ என்று உறவினர் வற்புறுத்தினார்கள். சர்ச் கேட்கவில்லை, ரோட் தீவுக்கு அழைத்துக்கொண்டு போனார். சில நாட்களில், மார்ச் 12 அன்று, கிளார்க்கின் வீடு தாக்கப்பட்டு 11 பேர் கொல்லப்பட்டார்கள். மே 12 அன்று ரோட் தீவில் இரண்டாவது மகன் பிறந்தான். மாமனார் பெயரையே வைத்தார்கள்: கான்ஸ்டன்ட். ஆகஸ்டில் சர்ச் திடுமென வீட்டு வாசலில் வந்து நிற்க, ஆலிஸ் அதிர்ச்சியில் மயங்கி விழுந்தார். தெளிந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் குதிரையில் ஆள் வந்து, பிலிப் மவுண்ட் ஹோப்பில் இருக்கிறார் என்றது சேதி. இவ்வளவு நேரம்தான், பொறுத்துக்கொள் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார் மனுஷன்.

ஆகஸ்ட் 12 காலை, சர்ச்சின் படையிலிருந்த ஆல்டர்மன் என்ற பூர்வகுடி வீரரின் குண்டில் மெட்டகாம் விழுந்தார். உடலை வெட்டச் சொன்னவர் சர்ச். தலை பிளைமவுத்தில் ஆண்டுக்கணக்கில் கம்பத்தில் இருந்தது. வெஸ்ஸகஸ்ஸெட்டுக்கு 53 ஆண்டுக்குப் பிறகும் அதே ஊர், அதே வழக்கம். இந்த ஒன்றில் இரண்டு கேப்டன்களுக்கும் வித்தியாசம் தேட வேண்டாம். கூலிக் கணக்கையும் சர்ச் தருகிறார்: சம்பளத்துக்குப் பதில் தலைக்கு 30 ஷில்லிங், பிலிப்பின் தலைக்கும் அதே விலை, பங்கு போட்டபோது ஆளுக்கு நாலரை ஷில்லிங். இது ரொம்பக் குறைச்சல் என்று முனகுகிறார்.

இதே கோடையில் இன்னொரு குடும்பமும் இருந்தது. மெட்டகாமின் மனைவி வூடோனெகனுஸ்கேயையும் சுமார் 9 வயது மகனையும் பிடித்தது சர்ச்சின் படைதான். பையனைக் கொல்லலாமா என்று பாதிரியார்கள் வேத வசனங்களோடு விவாதித்தார்கள். கடைசியில் அவன் அடிமையாக விற்கப்பட்டான். முந்திய ஆண்டு டார்ட்மவுத்தில் உறுதிமொழியை நம்பிச் சரணடைந்த 160 பேர் விற்கப்பட்டபோது அதை எதிர்த்துச் சண்டையிட்டவர் சர்ச். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்கிறோம்.

சர்ச்சின் கதையைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை உண்டு. நாம் நம்பியிருக்கும் நினைவுக்குறிப்பு 1716-இல் பாஸ்டனில் அச்சானது. தகப்பனின் குறிப்புகளிலிருந்து தொகுத்தவர் மகன் தாமஸ். நாற்பது ஆண்டு கழித்துச் சொன்ன வீரக்கதை, அதிலும் பிள்ளை எழுதியது. சர்ச் தவறு செய்யும் இடங்கள் அதில் அபூர்வம். அதே போரில் 1675 டிசம்பரில் நடந்த பெருஞ்சதுப்பு மோதலில் மூன்று குண்டுகள் பட்டதாகவும், அதில் ஒன்று சட்டைப்பையைத் துளைத்து ஒரு ஜோடி கையுறையைக் காயப்படுத்தியதாகவும் வரும். சிரிக்கவைக்கும் வரி, ஆனால் கதைசொல்லி நம்மை எப்படித் தன் பக்கம் இழுக்கிறார் என்பதும் அதில் தெரிகிறது. ஸ்டாண்டிஷுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவரைப்பற்றி எழுதியவர்கள் அடுத்தவர்கள். அவரைப் பிடிக்காத, அக்கம்பக்கத்தில் குடியேறியிருந்த தாமஸ் மார்ட்டன் ‘கேப்டன் இறால்’ என்றே பட்டம் வைத்தார்.

முதுமையிலும் சர்ச் ஓயவில்லை. 1704-இல், இன்றைய கிழக்குக் கனடாப் பக்கம் பிரெஞ்சுக்காரர் குடியேறியிருந்த அகேடியா நோக்கி ஐந்தாவது முறையாகப் படை நடத்தி கிராண்ட் ப்ரேயில் வீடுகளை எரித்து அணைக்கரைகளை உடைத்தார். அப்போது உடல் பருத்து, விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்ட ஒரு சார்ஜென்ட் கைகொடுக்க வேண்டியிருந்தது. 1718 ஜனவரியில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். ஆலிஸ் அடுத்த ஆண்டு. கொள்ளுப்பேரன் டாக்டர் பெஞ்சமின் சர்ச், 1775-இல் வாஷிங்டனின் படைக்குத் தலைமை மருத்துவராக இருந்துகொண்டே பிரிட்டிஷாருக்கு உளவு சொன்னதாகப் பிடிபட்டவர்.

ஆகவே சர்ச்சின் நினைவுக்குறிப்பை முதலில் எடுங்கள், 1676-ஆம் ஆண்டுப் பகுதியிலிருந்தே தொடங்கலாம். அதை முடித்துவிட்டு ஸ்டாண்டிஷின் உயிலுக்குப் போங்கள். இரண்டு பக்கம்கூட வராது. லாங்ஃபெலோவை எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.