ரட்டட்டூய் மேல் எந்த ஆட்டுப்பால் சீஸ்? ஆறு வகையை அவனில் வைத்துப் பார்த்தாயிற்று

அவசரமாகப் படிப்பவர்களுக்கு முதலிலேயே பதில்: க்ரோத்தான் தெ ஷவினியோல் என்ற சிறு உருண்டை ஆட்டுப்பால் சீஸ், அதுவும் பாதி காய்ந்தது, கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும். சூப்பர்மார்க்கெட்டில் உருளையாகக் கிடைக்கும் அந்த வெள்ளை ஷெவ்ரை (பிரெஞ்சில் ஆட்டுப்பால் சீஸ்) வாங்கி ஆரம்பத்திலேயே மேலே அடுக்கி ஒரு மணி நேரம் அவனில் விடாதீர்கள். நான் விட்டேன். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை ஏறக்குறைய எல்லா ஞாயிறும் எங்கள் வீட்டில் ரட்டட்டூய் என்ற இந்தப் பிரெஞ்சுக் கத்திரிக்காய்-தக்காளிப் பண்டம்தான் சாப்பாடு. ஆறு வகைச் சீஸ் வந்து போயின, ஒரு சட்டி உடைந்தது, நடுவில் மாமியாரும் ஊரிலிருந்து வந்து இருந்துவிட்டுப் போனார்.

நாங்கள் இருப்பது தெற்கு பிரான்சில், ஆன்டீப் ஊரில். வேலை பக்கத்து சோஃபியா ஆன்டிபோலிஸில். ரட்டட்டூய் பிறந்த நீஸ் நகரம் ரயில் ஏறினால் அரை மணி நேரம்தான். (பெயரைத் தமிழில் எழுதுவது தனிக் கஷ்டம். உச்சரிப்புக்கு நெருக்கமாகப் போனால் ரத்தத்தூய் என்று வருகிறது, ஏதோ ரத்தசுத்தி லேகியம் மாதிரி. அதனால் ரட்டட்டூய்.)

இங்கே வந்த புதிதில் நான் நம்பிக்கொண்டிருந்த ரட்டட்டூய் வேறு. கத்திரிக்காய், சுக்கினி (வெள்ளரி போல இருக்கும் பூசணி வகை), தக்காளி மூன்றையும் வட்ட வட்டமாகச் சீவி, சீட்டுக்கட்டு போலச் சாய்த்து அடுக்கி, அவனில் வைப்பார்களே, அது. அலுவலகத்தில் ஒரு நீஸ்காரரிடம் பெருமையாகப் படத்தைக் காட்டினேன். "இது தியான், ரட்டட்டூய் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சரிதான். நீஸில் ஒவ்வொரு காயையும் ஆலிவ் எண்ணெயில் தனித்தனியாக வதக்கி எடுத்து, கடைசியில் தக்காளியோடு ஒன்றாகப் போட்டு அடுப்பிலேயே சுருள வைப்பார்கள். பெயருக்குள்ளேயே கிளறுவது என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினை ஒன்று இருக்கிறது. அடுக்கி அவனில் வைப்பது ப்ரொவான்ஸ் வட்டாரத்துத் தியான், அந்த மண்சட்டிக்கும் அதே பெயர்தான். எலி சமைக்கிற 2007 கார்ட்டூன் படத்தில் வருவது அந்த அடுக்குக்கு உணவகத்துச் சமையல்காரர்கள் கொடுத்த நாகரிக வடிவம். மிஷேல் கெரார் என்ற பிரெஞ்சு சமையல்காரர் அதற்கு முன்பே, 1976இல், இமாம் பயில்டி என்ற துருக்கிக் கத்திரிக்காய்ப் பண்டத்தின் பெயரை ஒட்டி இப்படி ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார். உலகம் முழுக்க இப்போது அதைத்தான் ரட்டட்டூய் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். மேலே சீஸ் வைப்பதைப் பற்றி மட்டும் நீஸ்காரர்களிடம் வாய் திறக்காதீர்கள்.

சட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து ஊர் வலோரிஸ் மண்பாண்டத்துக்குப் பேர் போனது, பிக்காசோ வந்து உட்கார்ந்து பானை, தட்டு எல்லாம் செய்த ஊர். அங்கே முப்பது சென்டிமீட்டர் நீளத்தில், உள்ளே மட்டும் பளபளப்புப் பூசிய மண்தட்டு ஒன்று வாங்கினேன். விற்ற பெண்மணி, முதலில் தண்ணீரில் ஊறப்போடுங்கள், அடியில் பூண்டைத் தேயுங்கள் என்றார். நம் ஊரில் புது மண்சட்டிக்குக் கஞ்சித் தண்ணி ஊற்றிப் பழக்குவோமே, அது மாதிரிதான் என்று நினைத்து ஒழுங்காகச் செய்தேன். எல்லாம் செய்துவிட்டு, மூன்றாவது வாரம் முந்தின இரவே காயை அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் நேரே 200 டிகிரி அவனுக்குள் தள்ளினேன். இருபதாவது நிமிடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். தப்பு தட்டின் மேல் இல்லை, என் மேல்தான். இரண்டாவதையும் அதே கடையில்தான் வாங்கினேன். கண்ணாடித் தட்டிலும் செய்து பார்த்திருக்கிறேன், ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. மண்தட்டில் வேகம் குறைவு, ஆனால் அவனை அணைத்த பிறகும் கால் மணி நேரம் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும், அந்தக் கால் மணி நேரத்தில்தான் காய் சரியாகிறது.

காய் எங்கள் ஊர்க் கூர் மசேனா சந்தையில் வாங்குவது. மூன்றும் ஒரே குறுக்களவாக இருந்தால் அடுக்குவது சுலபம், அதற்காகவே ஒல்லியான நீளக் கத்திரிக்காய் தேடுவேன். இந்தக் கத்திரிக்காய்க்குப் பிரெஞ்சில் ஓபெர்ஜின். அந்தச் சொல் கத்தலான், அரபி, பாரசீகம் என்று பின்னால் போய்ச் சமஸ்கிருதத்தில் நிற்கிறது, அதற்கும் பின்னால் நம் வழுதுணங்காய் பக்கம்தான் வேர் என்று சொல்லும் மொழியியல்காரர்கள் உண்டு. தக்காளி, குடமிளகாய், சுக்கினி மூன்றும் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளிகள், கத்திரிக்காய் மட்டும் நம் பக்கத்து ஆள்.

காயை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, உப்புத் தூவி அரை மணி நேரம் வைத்து, துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சுக்கினி தண்ணீர் விட்டுத் தட்டு ரசமாகிவிடும். அடியில் வெங்காயம், சிவப்புக் குடமிளகாய், பூண்டு வதக்கியது, மேலே அடுக்கு, ஆலிவ் எண்ணெய், தைம் என்ற வாசனை இலை. 180 டிகிரியில் முதல் நாற்பது நிமிடம் பேக்கிங் காகிதம் மூடி, அப்புறம் திறந்து அரை மணி. சமையல் இவ்வளவுதான், இதில் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வம்பெல்லாம் மேலே வைக்கும் சீஸில்தான்.

சூப்பர்மார்க்கெட் உருளையிலிருந்து தொடங்குகிறேன், பெயர் வேண்டாம். பளிச்சென்று வெள்ளைத் தோல், வட்டமாக வெட்ட வசதி, இரண்டு யூரோ சொச்சம். முதல் தடவை காயோடு சேர்த்தே முழு நேரமும் அவனில் விட்டேன். வெளியே எடுத்தால் தோல் மட்டும் ரப்பர் வளையம் மாதிரி மிதக்கிறது, உள்ளே இருந்தது எண்ணெயாகப் பிரிந்து ஓரத்தில் ஓடிவிட்டது, நடுவில் மணல் போலப் பொடி. தோலில் ஒரு கசப்பு வேறு. கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் வைத்தபோது சாப்பிடும்படி இருந்தது, ஆனால் உப்பைத் தவிர வேறு ருசி இல்லை. வாங்கினால் அட்டையைப் படியுங்கள். 'பியூர் ஷெவ்ர்' என்றால் முழுக்க ஆட்டுப்பால். 'மி ஷெவ்ர்' என்றால் பாதி ஆட்டுப்பால் இருந்தால் போதும், மீதி மாட்டுப்பாலாக இருக்கலாம். நான் ஒருமுறை கண்ணாடி போடாமல் போய் அதை வாங்கி வந்தேன். பத்துக்கு நாலு, கடைசி நேரத்தில் வைத்தால் ஐந்து.

ஏன் இப்படிப் பிரிகிறது? மொட்சரெல்லா மாதிரி இழுபட வேண்டும் என்று எதிர்பார்த்ததுதான் என் தவறு. இந்த ஆட்டுப்பால் சீஸ் பெரும்பாலானவை அடிப்படையில் தயிர்தான். பாலை உறைய வைக்கும் ரென்னெட் என்ற நொதியை ஒரு சொட்டு சேர்ப்பார்கள், ஆனால் ஒரு நாள் முழுக்கப் பாலை உறைய வைப்பது புளிப்புத்தான், அப்புறம் வடிகட்டி அச்சில் போடுவார்கள். துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரைக் காய வைத்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். புளிப்பு ஏற ஏறப் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும் கால்சியம் கரைந்து தண்ணீரோடு போய்விடுகிறது, அதனால் சூட்டில் நூலாக இழுபட முடியாது. இளகும், மேலே சிவக்கும், அதற்கு மேல் விட்டால் பிரியும், அவ்வளவுதான் அதனால் முடியும். ஆகவே குறைந்த நேரம், நல்ல சூடு. 210 டிகிரி, பத்து நிமிடம்.

அடுத்தது சான்ட் மோர் தெ தூரேன். பார்க்கவே அழகு. சாம்பல் பூசிய நீள உருளை, நடுவில் ஒரு கம்பு வைக்கோல், அந்த வைக்கோலில் செய்தவரின் அடையாளத்தை லேசரால் பொறித்திருப்பார்கள். நம் ஊர்ப் புவிசார் குறியீடு போன்ற முத்திரை 1990இல் கிடைத்தது. ருசியில் குறையே இல்லை, ஆனால் அவனுக்குள் அந்தச் சாம்பல் தோல் இளகித் தக்காளி மேல் சாம்பல் நிறக் கோடு விழுகிறது, பார்த்தால் யாரோ சட்டி கழுவிய தண்ணீரை மேலே ஊற்றியது போல. அதன் மெல்லிய வாசனையும் தைம் பூண்டுக்கு நடுவில் காணாமல் போயிற்று. இதை ரொட்டியோடு பச்சையாகச் சாப்பிட்டுவிடுங்கள்.

பனோன் மேல்தான் அதிக நம்பிக்கை வைத்திருந்தேன், ஏனென்றால் அது இந்தப் ப்ரொவான்ஸ் பக்கத்துச் சீஸ். பழுப்புக் கஷ்கொட்டை இலையில் பொதிந்து நாரால் கட்டியிருப்பார்கள், வாழை இலைப் பொட்டலம் பிரிக்கிற சந்தோஷம். மற்றவை போலப் புளிப்பால் உறைவதில்லை, ரென்னெட்டால் சட்டென்று உறைய வைப்பது, முற்றினால் உள்ளே கஞ்சி போல இளகியே இருக்கும். அதைக் கொண்டுபோய் அவனில் வைத்தால் என்ன ஆகும்? இரண்டே நிமிடத்தில் குட்டை. எட்டு யூரோவுக்குப் பக்கம் கொடுத்ததால் வழித்து வழித்துச் சாப்பிட்டோம், ருசியாகத்தான் இருந்தது, ஆனால் ரட்டட்டூய் மேல் இருந்ததாகச் சொல்ல முடியாது.

பிக்கோதோன் எனக்குப் பிடித்தது, மனைவிக்குப் பிடிக்கவில்லை. ரோன் ஆற்றுக்கு இரு பக்கமும் உள்ள ஆர்தேஷ், துரோம் மாவட்டங்களில் செய்வது, அறுபது கிராம் அளவில் சின்ன வட்டு. முற்ற முற்ற நாக்கில் சுருக்கென்று ஒரு காரம் ஏறும். பெயரே அந்தச் சுருக்கிலிருந்து வந்தது என்கிறார்கள். குடமிளகாயின் இனிப்புக்கும் இதற்கும் நல்ல பொருத்தம், மிளகு தூவிய மாதிரி ஒரு நிறைவு. மனைவியின் கருத்து, ஆட்டுக்கொட்டகை வாசனை. அது அவர் சொல்வது போல இருக்கத்தான் செய்கிறது. ஆட்டுக் கொழுப்பில் கேப்ரிக், கேப்ரிலிக், கேப்ரோயிக் என்று மூன்று அமிலங்கள் உண்டு, மூன்றுக்கும் லத்தீனில் ஆட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் பெயர். ஏழரை.

இனி க்ரோத்தான். லுவார் ஆற்றங்கரை சான்செர் பக்கத்தில் ஷவினியோல் என்று ஒரு கிராமம், அங்கிருந்து வந்த பெயர், முத்திரை 1976இலிருந்து இருக்கிறது. க்ரோத்தான் என்றால் இன்றைய பிரெஞ்சில் புழுக்கை என்று பொருள், பழைய வட்டார வழக்கில் அதே வடிவச் சிறு மண் அகலுக்கான சொல்லிலிருந்து வந்தது என்று கௌரவமாகவும் ஒரு விளக்கம் சொல்வார்கள். காய்ந்த உருண்டையைப் பார்த்தால் முதல் பொருள்தான் சரி என்று தோன்றும். சந்தையில் கேட்டால் இளசு, பாதி காய்ந்தது, முற்றக் காய்ந்தது என்று மூன்று நிலையில் எடுத்துக் காட்டுவார்கள். இளசு அவனில் தண்ணீர் விடுகிறது, முற்றியது கல். பாதி காய்ந்ததை இட்லியைக் குறுக்கே பிளப்பது போல இரண்டு வட்டாக வெட்டி, தோல் கீழே, வெட்டிய முகம் மேலே இருக்கும்படி வைத்தேன். தோல் ஒரு கிண்ணம் போல நின்று உள்ளே இளகியதை வழிய விடாமல் பிடித்துக்கொண்டது, மேல் முகம் நல்ல நெய்த்தோசை நிறத்துக்குச் சிவந்தது. பாதாம் வறுத்த வாசனை மாதிரி ஒன்று. கரண்டி போட்டால் காயோடு சேர்ந்து வருகிறது, தனியாக ஓடவில்லை. ஒன்பது. ஒரு மதிப்பெண் குறைத்தது விலைக்காக, நாலு பேருக்கு மூன்று உருண்டையாவது வேண்டும்.

மாமியார் வந்த பிறகு வேறு சிக்கல். அவர் சுத்த சைவம். இந்த முத்திரைச் சீஸ்களில் பெரும்பாலும் கன்று அல்லது குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்தான், சொல்லாமல் போட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் மார்செய் போன இடத்தில் ப்ரூஸ் து ரோவ் வாங்கி வந்தேன். முறுக்கிய நீளக் கொம்புள்ள ரோவ் ஆடுகளின் பால், சூடாக இருக்கும்போது வினிகர் விட்டுத் திரித்து, ஒல்லியான குழாயில் ஊற்றி வைப்பது. ரென்னெட் கிடையாது. நம் பனீர் செய்கிற அதே வழி, அழுத்தாமல் விட்ட பனீர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய முத்திரை 2020இல்தான் கிடைத்தது. நாலைந்து நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், எல்லாக் கடையிலும் கிடைக்காது. இது சூட்டில் உருகவே உருகாது என்பதால் மேலே வைக்காமல், வதக்கிய வெங்காயத்துக்கும் காய் அடுக்குக்கும் நடுவில் கரண்டி கரண்டியாக வைத்தேன், மேலே கொஞ்சம் துளசியின் ஒன்றுவிட்ட தங்கையான பேசில் இலை. பால் வாசனை, லேசான புளிப்பு, ஆட்டு வாசனை ஏறக்குறைய இல்லை. உப்பு மட்டும் கூடுதலாகப் போட வேண்டும்.

மாமியார் சிதம்பரத்துக்காரர். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை, ஆனா கொத்சுக்கு எதுக்கு இவ்வளவு நேரம் அடுக்கினீங்க?" என்றார். மறுநாள் காலை மிச்சத்தை மசித்து, கொஞ்சம் புளிக்கரைசலும் வறுத்து அரைத்த மிளகாய் மல்லியும் சேர்த்து, இட்லிக்குக் கொண்டுவந்து வைத்தார். ப்ரூஸ் அதில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. நான் அதை அலுவலகத்து நீஸ்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.