மரப்பலகையில் மீன் சுடுவது: நீண்ட நாள் பழக்கத்துக்குப் பின் சில குறிப்புகள்

கிரில் எனப்படும் கம்பி அடுப்பில் மரப்பலகையை வைத்து, அதன்மேல் மீன் சுடுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் புகைமணத்தில்தான் தொடங்குகிறார்கள். பலகை விற்கிறவர்கள் கேட்கவே வேண்டாம். பல ஆண்டுகளாக இதைப் பயன்படுத்திவரும் எனக்கு அந்த மணம் இரண்டாம்பட்சம். மீன் கம்பியில் ஒட்டுவதில்லை, பாதியில் திருப்பிப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, நடுச்சதை உலர்ந்து நாராவதில்லை. இவற்றுக்காகத்தான் பலகையை இன்னும் வைத்திருக்கிறேன். காட்டு விறகில் சுட்டதுபோல மணக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். கிடைப்பது மெல்லிய மணம். சிடார் என்னும் வாசமுள்ள மரத்தின் பலகை என்றால் லேசான பிசின் வாசமும் சேர்ந்து வரும்.

மரம் வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம். இரும்புக் கம்பியைத் தொடும் சதை உடனே கருகுகிறது. பலகைமேல் இருக்கும் சதைக்குக் கீழிருந்து அந்த வேகம் போய்ச் சேர்வதே இல்லை. மீனை வேகவைப்பது பெரும்பாலும் கிரில்லின் மூடிக்குள் சுழலும் சூடான காற்றுதான். அதனால் மூடி இல்லாத அடுப்பில் பலகை வைத்தால் அடிப்பலகை கருகும், மேல்சதை பச்சையாகவே நிற்கும். ‘பலகையில் மீன் வேகவே மாட்டேன் என்கிறது’ என்று குறைப்படுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மூடியைப் பற்றித்தான். மூடி இருந்தும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் தூக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. உள்ளே சேர்ந்த சூடு வெளியேறிவிடும். கனன்றுகொண்டிருக்கும் பலகை ஓரத்துக்குப் புதுக்காற்று கிடைத்து அது தீப்பிடிக்கும். ஒரு தெளிப்பான் புட்டியில் தண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஓரத்தில் எழும் சின்னச் சுவாலைக்கு அதுவே போதும்.

மூடிக்குள் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் எனக்குச் சரியாக வருகிறது. அதற்கு மேல் போனால் மீனுக்கு முன்பே பலகை தீர்ந்துவிடுகிறது.

சுடுவதற்கு முன் பலகையைத் தண்ணீரில் ஊறவைப்பது பற்றி ஆளுக்கொரு கட்சி. இரவு முழுவதும் ஊறவேண்டும் என்பார்கள் சிலர். ஒரு மணி நேரம் ஊறிய பலகைக்கும் இரவெல்லாம் ஊறிய பலகைக்கும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. தண்ணீர் மரத்துக்குள் வெகு ஆழம் இறங்குவதில்லை. மேற்பரப்பில் இருக்கும் ஈரம் ஆவியாகித் தீரும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது; தீர்ந்த பிறகுதான் மரம் கருகத் தொடங்கும். ஊறல் நமக்குத் தருவது அந்த அவகாசம் மட்டுமே. பலகை மிதக்கும் என்பதால் மேலே கனமான பாத்திரம் ஒன்றை ஏற்றி வைக்க வேண்டும். தண்ணீருக்குப் பதிலாக ஒயின், ஆப்பிள் சாறு என்றெல்லாம் ஊற்றிப் பார்த்தேன். மீனில் எந்த ருசியும் ஏறவில்லை. நல்ல சாற்றைக் குடித்துவிடலாம்.

ஊறிய பலகையை வெறுமனே அடுப்பில் வைத்து மூன்று நான்கு நிமிடம் காயவிட்டு, படபடவென்று வெடிக்கும் சத்தமும் மெல்லிய புகையும் வந்ததும் திருப்பி, சூடேறிய பக்கத்தில் மீனை வைக்கிறேன். இந்த ஒரு படியைத் தவிர்த்தால் வித்தியாசம் தெரியும். ஈரப்பலகை ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் வளைந்துகொள்ளும். மீனின் மேல் தடவிய எண்ணெயும் சாறும் ஓரமாக வழிந்து தணலில் விழும். திருப்பிப் போட்டால் வளைவு பெரும்பாலும் நேராகிவிடுகிறது. இருக்கிற கொஞ்சப் புகைமணமும் இப்படிக் காயவைத்த பலகையில்தான் கிடைக்கிறது.

மர வகைகளில் அதிகம் விற்பது மேற்கத்தியச் சிவப்பு சிடார். பெயரில்தான் சிடார், தாவரவியல்படி அது சைப்ரஸ் குடும்பத்து மரம். வாசம் தூக்கலானது. சால்மன்போல எண்ணெய்ப்பசை உள்ள மீன் அதைத் தாங்கும். மென்மையான வெள்ளைச் சதை மீனில் மர வாசம் மட்டுமே மிஞ்சும். அப்படிப்பட்ட மீனுக்கு இப்போது ஆல்டர் அல்லது மேப்பிளையே எடுக்கிறேன். பைன் வகைகளின் பக்கம் போக வேண்டாம். பிசின் கரிந்து கசப்பாகும். கட்டுமான வேலைக்கு அறுத்து வைத்திருக்கும் மரத்துண்டை எடுத்துப் பயன்படுத்துவது இதைவிடவும் மோசம். பூச்சி அரிக்காமலிருக்க அந்த மரங்களில் இரசாயனம் ஏற்றியிருக்கலாம். ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிய பழைய மரங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒட்டுப்பலகையும் பெயின்ட் பட்ட பலகையும் கூடவே கூடாது.

கனத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த பலகை ஒரே தடவையில் சாம்பலாகிறது. இரண்டு சென்டிமீட்டரை ஒட்டிய பலகை விலை கூடுதல் என்றாலும் மூன்று நான்கு தடவை உழைக்கும். ஒரு கட்டு வாங்கியதில் பாதிப் பலகைகள் முறுக்கிக்கொண்டு வந்திருந்தன. அன்றிலிருந்து கட்டுப் பிரித்துக் காட்டாத கடையில் வாங்குவதில்லை.

மீனுக்கு வருவோம். சால்மன், டிரௌட், கானாங்கெளுத்தி ஆகியவை பலகைக்காகவே பிறந்தவை. தோலோடு, தோல் கீழே படும்படி வைக்க வேண்டும். வெந்ததும் தோலுக்கும் சதைக்கும் இடையே தட்டைக் கரண்டியை நுழைத்தால் சதை முழுசாகக் கழன்று வரும், தோல் பலகையோடு தங்கிவிடும். வால் பக்கத்து மெல்லிய சதையை அடியில் மடித்து வைத்தால் அது முந்திக்கொண்டு வேகாது. சால்மன் துண்டின் மேல் வெள்ளையாகத் திரளும் புரதம் பார்க்க அழகாக இருக்காது. சுடுவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் உப்புத் தண்ணீரில் போட்டெடுத்து, நன்றாக ஒற்றித் துடைத்தால் வெகுவாகக் குறையும். தேன், வெல்லம்போல இனிப்பு சேர்ந்த பூச்சு எதுவானாலும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அங்குலக் கனத்துக்குப் பத்து நிமிடம் என்று மீன் சமையலில் ஒரு பொதுக்கணக்கு உண்டு. பலகையில் அது செல்லாது. அடிப்பக்கச் சூடு குறைவு என்பதால் அதே கனத்துக்கு எனக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம்வரை ஆகிறது. ஆகவே கடிகாரத்தைவிட வெப்பமானியை நம்புகிறேன். சால்மனை நடுச்சதை 52 டிகிரியைத் தொட்டதும் எடுத்துவிடுவது என் வழக்கம். அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல் சொல்வது 63 டிகிரி. கர்ப்பிணிகளுக்கோ முதியவர்களுக்கோ குழந்தைகளுக்கோ பரிமாறும்போது நானும் அந்த 63-ஐத்தான் பிடிக்கிறேன். பலகையில் சுட்ட மீன் அந்த வெப்பத்திலும் அவ்வளவாக உலர்வதில்லை.

திறந்த தீயில் பலகையை நிறுத்திச் சுடும் முறை முற்றிலும் வேறு சமாசாரம். பின்லாந்தில் லோய்முலோஹி என்கிறார்கள். சால்மனின் பாதியைப் பலகையில் மர ஆணிகளால் அறைந்து, நெருப்புக்குப் பக்கத்தில் சாய்த்து நிறுத்திவிடுகிறார்கள். இங்கே பலகை வெறும் தாங்கி. தணலின் கதிர்வீச்சு நேராகச் சதைமேல் விழுவதால் மூடி தேவையில்லை, மேற்பரப்பும் பொன்னிறமாகச் சிவக்கிறது. கிரில் பலகையால் தர முடியாத சிவப்பு அது. ஆனால் மணிக்கணக்கில் பக்கத்திலேயே நின்று, காற்று திரும்பும்போதெல்லாம் பலகையை நகர்த்தி, பாதி வெந்ததும் தலைகீழாக மாற்றி நிறுத்த வேண்டும். பொறுமையும் நான்கு பேர் துணையும் இருக்கும் நாளில் மட்டும் இதைச் செய்கிறேன்.

சுட்டு முடித்த பலகையை மேசைக்கு அப்படியே கொண்டுபோவது பார்க்க அழகுதான். அடியில் உலோகத் தட்டு இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். அடிப்பக்கம் வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும். சாப்பிட்டதும் தண்ணீரில் முக்கி அணைத்து, சோப்பு போடாமல் வெந்நீரில் தேய்த்து, நிறுத்தி வைத்து முழுக்கக் காயவிட வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். மீன் சுட்ட பலகையில் வேறெதுவும் சுட முடியாது, எவ்வளவு தேய்த்தாலும் கவிச்சி போவதில்லை. அடி பாதிக்கு மேல் கரியான பலகையை உடைத்து அடுத்த தடவை தணலில் போடுகிறேன். புகைமணம் என்று தேடுகிறவர்களுக்கு அது பலகையைவிட அதிகமாகவே கிடைக்கும்.

மொறுமொறுப்பான தோலுக்காக மீன் சுடுகிறவர்களும், சின்ன மீன்களை முழுசாகச் சுடுகிறவர்களும் பலகை வாங்க வேண்டியதில்லை. அவற்றுக்கு எண்ணெய் தடவிய கம்பி வலைதான் சரி. என் வீட்டிலும் அவை அதில்தான் வேகின்றன.