இன்சுலின் போடும் முன் சிரிஞ்சின் மூடி நிறத்தைப் பாருங்கள்

கடந்த மாதம் காட்பாடிப் பக்கம் உள்ள ஒரு தனியார் நர்சிங் ஹோமில், கால் புண்ணுக்காகச் சேர்த்திருந்த என் அப்பாவுக்கு 20 யூனிட் போட வேண்டிய இன்சுலின் 50 யூனிட்டாகப் போடப்பட்டது. நோயாளிக்குத் துணையாகத் தங்குகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அப்பா இன்சுலின் பேனாவில் (பேனா வடிவ ஊசிக் கருவியில்) மருந்து போட்டுக்கொள்பவர். அன்று பேனாவுக்கான ஊசி தீர்ந்துவிட்டதால், இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குழாயிலிருந்தே (கார்ட்ரிட்ஜ்) சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை மருந்தை எடுத்துப் போட்டார். அந்தச் சிரிஞ்சு, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி மருந்துக்கென்று கோடு போடப்பட்டது. பேனா மருந்திலோ ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கிறது. அந்தச் சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லி. பேனா மருந்தில் அது 50 யூனிட். 100 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். 40 யூனிட் குப்பி மருந்தை அதில் எடுத்தால், உடம்பில் சேர்வது பாதிக்கும் குறைவு.

இரவு 11.30 மணிக்கு அப்பாவின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து "நீ யாருப்பா?" என்று கேட்டார். சர்க்கரை 38 என்று ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகே பேச்சு தெளிந்தது.

விடியற்காலையில் அந்தச் சிஸ்டரே வந்து, "தப்பான சிரிஞ்சுல எடுத்துட்டேன் அண்ணா" என்று கண்கலங்கச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தளத்தில் இருந்த 16 நோயாளிகளுக்கும் அவர் ஒருவரே. மருந்தை எடுத்துக்கொண்டிருந்தபோதே இரண்டு முறை போன் அடித்தது. இன்சுலினைப் போடும் முன் இன்னொரு செவிலியர் மருந்தையும் அளவையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சரிபார்க்க அங்கே இரண்டாவது ஆளே இல்லை. ஆள் போடாத நிர்வாகமோ, "வயசானவர், சரியா சாப்பிடல" என்று சொன்னதோடு, அந்தக் குளுக்கோசுக்கும் பில் போட்டது.

பேனா ஊசிகளை வீட்டிலிருந்தே கூடுதலாகக் கொண்டுபோங்கள். பேனா மருந்தைச் சிரிஞ்சில் எடுக்க யார் வந்தாலும் தயங்காமல் தடுத்துவிடுங்கள். குப்பியாக இருந்தால், அதில் 40 என்று இருக்கிறதா 100 என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு மூடியைப் பாருங்கள்.

கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி. எழுதிக் கொடுத்துக் கேட்ட எனக்கு ஐந்தாம் நாள்தான் கிடைத்தது. அதில் இன்சுலின் 20 யூனிட் என்று இருந்தது. 38 என்ற எண் எந்தப் பக்கத்திலும் இல்லை.